வெட்டாத வான்கோழி

வான்கோழி வளர்க்கிறது நாட்டுக்கோழி வளர்க்கிற மாதிரி லேசுப்பட்ட காரியம் இல்ல, சாமி. மழையில நனைஞ்சா சீக்கு வரும். யாராவது அதட்டிப் பேசினா கோவிச்சுக்கிட்டுத் தீனி எடுக்காது. வாசல்ல உங்க அங்கியைக் கொத்தினதுக்கு மன்னிச்சுக்குங்க, அது எங்க வீட்டுதுதான். இந்த ஆஸ்டின் டவுன் சந்துல போஸ்ட்மேன்கூட அதுக்குப் பயந்து எதிர்ப்பக்கமா நடக்கிறாரு. கிறிஸ்மஸுக்குன்னு வாங்கினது, மூணு கிறிஸ்மஸைத் தாண்டியும் ஜம்முனு இருக்கு. ஏன் வெட்டலைன்னு சொல்றேன், அளவெடுக்கணும், கையை இப்படி விரிச்சு நில்லுங்க.

நீங்க புது அங்கி தைக்க வரலைன்னு எனக்குத் தெரியும். போன வாரம் கோலார் தங்கவயலுக்குப் போய் என் பசங்க ரெண்டு பேரையும் பார்த்தீங்க. பெரியவன் ஏதோ சொல்லி அனுப்பியிருக்கான். நீங்க இந்தக் கோயிலுக்குப் புதுசு, எப்படிக் கேக்கறதுன்னு தயங்கி, துணி நல்ல துணியான்னு கேட்டுக்கிட்டு இருக்கீங்க. நானே சொல்லிடறேன். நிதானமாக் கேட்டா என் பக்கம் இருக்கிற நியாயம் உங்களுக்கே புரியும்.

எனக்கு ரெண்டு பசங்க. பெரியவன் யூஜின், சின்னவன் ஓஸ்வால்டு. ஒரே வயித்துல பொறந்ததுங்கன்னு யாரும் நம்ப மாட்டாங்க. யூஜின் தேஞ்சு போன சோப்பைப் புது சோப்பு முதுகுல ஒட்டி வெக்கிற ஆளு. ஃபேக்டரியில வேலை, சாயங்காலம் வீடு, ஞாயித்துக்கிழமை முதல் பூசை. சிரிக்கிறதுகூட அளவெடுத்துத்தான் சிரிப்பான். ஓஸ்வால்டு அப்படி இல்ல. புதுச் சட்டை தச்சுக் குடுத்தா அதை வேற எவனாவது போட்டுக்கிட்டுத் திரிவான். கோயில் பேண்டுல கிளாரினெட் வாசிப்பான், தெருப் பசங்களோட பந்து ஆடுவான். அவன் வீட்டுக்குள்ள நுழைஞ்சா அடுப்படியில இருக்கிற பவுலினுக்கு முகம் மலர்ந்துடும். பவுலின் என் சம்சாரம். இப்ப காப்பி கொண்டாந்து வெச்சாளே, என்னைப் பார்க்காம, அவதான்.

ரெண்டும் நல்ல பசங்க. அதுதான் சாமி சங்கடமே.

நம்ம கோயில் திருவிழாவுல ஊதாரிப் பிள்ளை நாடகம் போட்டாங்க. உங்களுக்குத் தெரியாததா, பங்கை வாங்கிட்டுப் போய்த் தொலைச்சுட்டுத் திரும்பி வர்ற சின்ன மகனை அப்பா மன்னிச்சு, கொழுத்த கன்னை அடிச்சு விருந்து வெக்கிற வேதாகமக் கதைதான். அப்பா வேஷம் கட்ட ஆள் கிடைக்காம, டெய்லர் சவரிராயனைக் கூப்பிடு, தாடி ஒட்டினா பொருந்தும்னாங்க. நானும் போனேன். கடைசிக் காட்சியில, கந்தல் கட்டிக்கிட்டு வர்ற மகனைப் பார்த்து ரெண்டு கையையும் விரிச்சு, "வாடா என் கண்ணே, நீ செத்துப் போயிருந்தாய், உயிர்த்தாய்"னு சொன்னேன். அடேயப்பா, ஜனங்க அழுத அழுகை. மேடையை விட்டு இறங்கினா பொம்பளைங்க என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிறாங்க. முப்பது வருஷமா இந்த ஊர்க்காரங்களுக்குத் தைக்கிறேன். கழுத்து இறுக்கம், கை நீளம், இதைத் தவிர அதுவரைக்கும் என்கிட்ட யாரும் எதுவும் சொன்னதில்ல. அன்னிக்குத்தான் நான் எதுக்காகப் பொறந்தேன்னு தெரிஞ்சுது. மன்னிக்கிறதுக்குப் பொறந்திருக்கேன்.

ஆனா வீட்டுல மன்னிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. அது எவ்வளவு பேஜார்னு கல்யாணம் ஆகாத உங்களுக்குப் புரியாது. யூஜினைப் பத்தி நினைக்கவே வேணாம், அவன் ஊதாரியாப் போறதுக்கு லாயக்கில்லாதவன். ஓஸ்வால்டுகிட்டத்தான் கொஞ்சம் நம்பிக்கை இருந்துச்சு. நல்லவிதமாத்தான் ஆரம்பிச்சேன். "உன் பங்கை இப்பவே தர்றேன், எங்கயாவது போய் இஷ்டப்படி இருந்து பாரேன்"னேன். "எனக்கு எதுக்கு டாடி பங்கு, சோறு போட்டா போதும்"னு சிரிச்சான். பம்பாய்ல இருக்கிற மாமன் வீட்டுக்கு அனுப்பினேன், அங்கே கெட்டுப் போக நிறைய வசதி இருக்குன்னு கேள்விப்பட்டிருக்கேன். அம்மா ஞாபகம் வந்துடுச்சுன்னு அல்வா டப்பாவோட திரும்பி வந்து நிக்கிறான். அந்த வருஷம் ஆகஸ்டு மாசம்தான் ஜான்சன் மார்க்கெட்ல இந்த வான்கோழியைக் குஞ்சாப் பார்த்து வாங்கியாந்தேன். ஓஸ்வால்டுக்கு ஒரே குஷி. பழைய பலகையெல்லாம் பொறுக்கிட்டு வந்து அவனே கூண்டு அடிச்சான், நல்ல கூண்டு, இன்னும் ஆடலை பாருங்க.

திரும்புங்க சாமி, முதுகு அளவு.

செப்டம்பர்ல மாதா திருவிழா. மாதா சொரூபத்துக்குப் புடவை கட்டுறது வருஷா வருஷம் என் பொறுப்பு, சாவி என்கிட்டதான் இருக்கும். தேர் முடிஞ்ச மறுநாள் புடவை மாத்தப் போனேன். வெள்ளிக் கிரீடத்தைக் கழட்டினேன். அந்த வாரம் ஒரு கோட்டுக்கு வெட்டின நீல லைனிங் துணி பையில இருந்துச்சு, அதுல சுத்தி வீட்டுக்குக் கொண்டாந்து, ஓஸ்வால்டு டிரங்குப் பெட்டியில சட்டைகளுக்கு அடியில வெச்சேன். ஆமா சாமி, நான்தான். வெக்கும்போது ஒரு அருள் நிறை மரியே செபம் சொன்னேன். மாதாவோட பொருளை எங்கேயும் கொண்டு போயிடலை, எங்க வீட்டுக்குத்தான் வந்துச்சு.

கிரீடத்தைக் காணோம்னு கோயிலே அல்லோலகல்லோலம். உள்ளே போய் வந்தவங்க வீட்டையெல்லாம் பார்க்கணும்னாங்க. "முதல்ல என் வீட்டைப் பாருங்க, அப்புறம் மத்தவங்க"ன்னு நான்தான் சொன்னேன். என் நேர்மையைப் பழைய சாமியாரு எல்லாரு முன்னாடியும் புகழ்ந்தாரு. அஞ்சாறு பெரியவங்களோட வந்து பெட்டியைத் திறந்தாரு.

ஓஸ்வால்டு, "நான் எடுக்கலையே டாடி"ன்னான். நான் ரெண்டு கையையும் விரிச்சேன், மேடையில விரிச்ச மாதிரியே. "நான் உன்னை மன்னிச்சுட்டேன்டா, ஒத்துக்கோ, போதும்"னேன். குரல் நல்லா வந்துச்சு. வந்தவங்கள்ல ரெண்டு பேர் கண்ணைத் துடைச்சாங்க. அப்பதான் அவன் அந்த நீலத் துணியைப் பார்த்தான். துணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அப்புறம் வேற யாரும் கவனிக்கிறதுக்கு முன்னாடி துணியை மடிச்சுத் தன் பாக்கெட்ல வெச்சுக்கிட்டான். "ஆமா, நான்தான் எடுத்தேன்"னு பழைய சாமியார்கிட்ட சொல்லிட்டு, அம்மாவைக் கட்டிப் பிடிச்சு முத்தம் குடுத்துட்டு, கண்டோன்மெண்ட் ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்து போயிட்டான். பாக்கெட்ல அவன் என்னத்தைக் கொண்டு போனான்னு எனக்குத் தெரியும். ஆனா குத்தம் செஞ்சவன் மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுத்தானே போனான்? ஊதாரிப் பிள்ளை போறதும் அப்படித்தானே?

டிசம்பர்ல வந்துடுவான்னு கணக்குப் போட்டேன். அவனுக்கு நல்ல கோட்டு ஒண்ணு தச்சு வெச்சேன், அதோ மாட்டியிருக்கு. அதுக்குள்ளே இருக்கிறது அந்த நீல லைனிங்தான், மீதித் துணியை வீணாக்குவானேன். கிறிஸ்மஸுக்கு வரலை. "என் பிள்ளை வந்தாத்தான் வான்கோழி"ன்னேன். தெருவே உருகிப் போச்சு. ஸ்ரீராம்புரத்துல இருந்தெல்லாம் என்னைப் பார்க்க வந்தாங்க, என் புள்ளையும் ஓடிப் போயிட்டான், ஒரு வார்த்தை ஆறுதலாச் சொல்லுங்கன்னு. சொன்னேன். அடுத்த கிறிஸ்மஸும் அப்படித்தான். நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு.

மூணாவது கிறிஸ்மஸ்ல ஒரு சின்னப் பிசகு. சாப்பாட்டுக்கு நிறைய பேர் வந்திருந்தாங்க. எழுந்து நின்னு, "என் பிள்ளை திரும்பி வர்ற அன்னிக்கு வெட்டணும்னே வாங்கின வான்கோழி இது"ன்னுட்டேன். யூஜின் பிரியாணியில இருந்து கையை எடுத்தான். எல்லாரும் கிளம்பிப் போனாங்க. தட்டெல்லாம் கழுவி வெச்சுட்டு வந்து கேட்டான்.

"டாடி, நீங்க இதை வாங்கினப்ப ஓஸ்வால்டு வீட்லதானே இருந்தான்? அவன்தானே கூண்டு அடிச்சான்?"

பாருங்க, அளவு எடுக்கிற புத்தி. பவுலின் கையில இருந்த சட்டியைக் கீழே வெச்சா. அன்னியில இருந்து எனக்குச் சோறு வெக்கிறா, பேசறதில்ல.

எனக்கு உண்மையிலேயே மனசு விட்டுப் போனது இதுல இல்ல, அடுத்து நடந்ததுல. வேதாகமத்துல மூத்தவன் என்ன பண்றான்? தம்பி வந்தா வெளியில நின்னு முறைக்கிறான், அப்பாதான் போய்க் கெஞ்சணும். அதுதானே எழுதியிருக்கு. இவன் வேலைக்கு லீவு போட்டுட்டுப் பங்காருப்பேட்டையில வண்டி மாறித் தங்கவயலுக்குப் போயிட்டான், தம்பியைத் தேடிக்கிட்டு. அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்ல கரியும் எண்ணெயுமா நின்னானாம் ஓஸ்வால்டு. யூஜின் கேட்டும் வாயைத் திறக்கலையாம். பெட்டியைக் கிளறினப்ப அந்த நீலத் துணி கிடைச்சுதாம், இன்னும் பத்திரமா வெச்சிருக்கான். இங்கே மாட்டியிருக்கிற கோட்டு லைனிங்தான் அதுன்னு யூஜின் பார்த்ததும் புரிஞ்சுக்கிட்டானாம். ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு அழுதாங்களாம். யூஜின் அழுதான்னா நம்ப முடியுதா சாமி? அவன் அங்கேயே வேலை தேடிக்கிட்டான். அழணும்னா என்னைக் கட்டிப் பிடிச்சில்ல அழணும்.

இப்ப அவன் சொல்லி அனுப்பினது இதுதானே, பவுலினுக்கு எழுதின கடிதாசியிலயும் இதேதான். "தம்பி திருடன் பேரோட அந்தத் தெருவுக்குள்ள கால் வெக்கக் கூடாது. இந்த ஞாயித்துக்கிழமை பூசையில டாடி எழுந்து நின்னு, கிரீடத்தை எடுத்தது நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அன்னிக்கே ரெண்டு பேரும் வீட்டுக்கு வர்றோம்." சரிதானே? ஓஸ்வால்டு அதுகூட வேணாம்னானாம். டாடிக்கு வெக்கமா இருக்கும்னானாம். பிரியமான புள்ளை.

நீங்க கேக்கறது புரியுது. ஒரே ஒரு வார்த்தை. சொன்னா ரெண்டு பசங்களும் வந்து உக்காருவாங்க, பவுலின் பேசுவா. எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ராத்திரியெல்லாம் அவங்க குரல் காதுல கேக்குது. ஆனா நல்லா யோசிங்க. நான் எழுந்து அப்படிச் சொல்லிட்டா, அவங்கதான் என்னை மன்னிக்கணும். அப்பனை மகன் மன்னிக்கிறதா எந்த உவமையிலயாவது இருக்கா? மன்னிக்கிறது என் வேலை, சாமி. அதை நான் சரியாச் செஞ்சுட்டேன், அவங்க ரெண்டு பேரையும் மன்னிச்சு ரொம்ப நாளாச்சு. வந்து கேக்க வேண்டியதுதான் பாக்கி.

அவ்வளவுதான், கையை இறக்கிக்குங்க. அங்கி அடுத்த வாரம் கிடைக்கும். போகும்போது வாசல்ல ஒரு பை கட்டி வெச்சிருக்கும், தடுக்கி விழுந்துடாதீங்க. பவுலினோடது. ஞாயித்துக்கிழமை பூசை வரைக்கும் பார்க்கிறதாவும், நான் எழுந்திரிக்கலைன்னா அப்படியே ஸ்டேஷனுக்குப் போறதாவும் பக்கத்து வீட்டுல சொல்லியிருக்கா. போகட்டும், அவளையும் மன்னிச்சுடுவேன். என்ன, மூணு பேரும் ஒண்ணாத் திரும்பி வந்தா இந்தக் கிழட்டு வான்கோழி ஒண்ணு பத்தாது, சாமி. நாளைக்கே மார்க்கெட் போய் இன்னொரு குஞ்சு வாங்கியாரணும்.