அரை இஞ்சுக்கு ஒரு குத்து

...ஊசி குத்துறதுக்கு ஒரு டாக்டராம், தங்கச்சி. முப்பது வருஷமா ஊசியும் நூலுமா குப்பை கொட்டுறேன், என்னை யாராவது டாக்டருன்னு கூப்பிட்டிருக்காங்களா? "தையக்கார அக்கா, கைப்பக்கம் லூசா இருக்கு"ன்னுதான் வந்து நிப்பாங்க. உக்காருங்க, உக்காருங்க. அந்த ஓரம் வேணாம், பெஞ்சு ஆடும். கழுத்துலயா உங்களுக்கு? சொறியாதீங்க... பாத்தா எனக்கும் அரிக்குது. இப்ப எனக்குக் குத்த மாட்டேன்னு வேற பிடிவாதமா இருக்காரு உள்ள.

எனக்கு இடது கை. மணிக்கட்டுலேர்ந்து முழங்கை வரைக்கும். துணியத் தள்ளிக் குடுக்கிற கை தங்கச்சி, இது போச்சுன்னா மிஷினை மூடி மேல பூந்தொட்டி வைக்க வேண்டியதுதான். தோல் டாக்டரு எக்ஸிமான்னாரு. மாமியார் கரப்பான்னாங்க. எங்க வீட்டுக்காரரு தலகாணியத் தூக்கிட்டு அடுத்த ரூமுக்குப் போய்ட்டாரு. நான் சொறியிற சத்தம் எலி பூந்த மாதிரி இருக்காம். அவரு விடுற குறட்டைக்கு எலியே வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிருச்சு, அது தெரியல அவருக்கு.

களிம்பு போட்டேன். போட்டா அடங்கும், நிறுத்தினா வரும், சொல்லாம வந்து நிக்கிற நாத்தனார் மாதிரி. அப்பறம்தான் இந்த அக்குபங்சர். படுக்க வெச்சு, முடியாட்டம் ஒரு ஊசிய எடுத்து... கை அரிக்குதுன்னா கால்ல குத்துறாரு தங்கச்சி. முட்டிக்குக் கீழ ஒண்ணு, மேல ஒண்ணு. கையில பேருக்கு ரெண்டு, அதுவும் அரிக்கிற எடத்தை விட்டுட்டு. கிழிஞ்சது ஒரு எடம், ஒட்டுப் போடுறது ஒரு எடமா? கேட்டேன். பேசாமப் படுங்கன்னாரு. பேசாம, இருபது நிமிஷம். ஊசி வலிக்கவேயில்ல, வாயை மூடிக் கெடந்ததுதான் வலிச்சுது.

ஆறு தடவை வந்தேன். பாதி குறைஞ்சுது, இல்லேன்னு சொல்ல மாட்டேன். களிம்பு கேட்டுச்சோ, ஊசி கேட்டுச்சோ, யாரு கண்டா. வீட்டுக்காரரு தலகாணியோட திரும்பி வந்துட்டாரு. இன்னும் நாலு தடவை வாங்கன்னாரு இவரு. எனக்கு அங்க பள்ளிக்கூட யூனிஃபார்ம் நாப்பது செட்டு வெட்டிப் போட்டுக் கெடக்கு, இங்க வந்து படுக்க நேரமேது? யோசிச்சேன். நமக்குத் தெரியாத ஊசியா...

மிஷின் ஊசி, பதினாறாம் நம்பர். புதுசுதான், பாக்கெட்டு பிரிச்சு எடுத்தது. அரிக்கிற எடத்துலயே டேப்பு வெச்சு அளந்து, துணிக்குக் கோடு போடுற சாக்பீஸால புள்ளி வெச்சேன். வழுக்கிக்கிட்டுப் போகட்டும்னு மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு தொட்டுக் குத்திக்கிட்டேன். என்ன அப்படிப் பாக்குறீங்க? மிஷினுக்கு ஊத்துறதில்லையா?

மூணாம் நாள் கை வீங்கி, சீழ் வெச்சு, காய்ச்சல். வீட்டுல கேட்டாங்க, என்னத்தச் சொல்ல. ஊசி டாக்டரு குத்துனதுன்னுட்டேன். அதோட விட்டிருக்கலாம். நான் இதே பெஞ்சுல வந்து உக்காந்து, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் கைக்கட்டை அவுத்துக் காட்டினேன். அஞ்சு பேரு அப்படியே திரும்பிப் போயிட்டாங்க.

ஊசி டாக்டரு கத்தல தங்கச்சி. கத்தியிருந்தா நானும் நாலு கத்தியிருப்பேன். கையை வாங்கி வெளிச்சத்துல திருப்பிப் பாத்தாரு. எட்டுக் குத்து, ஒரே கோட்டுல, அரை இஞ்சுக்கு ஒண்ணு. "இவ்வளவு நேரா எனக்குக் குத்த வராதும்மா"ன்னாரு.

என்ன பண்றது? முப்பது வருஷத்துல கோணலாக் குத்திப் பழகலையே நான்.

புண்ணு ஆறிருச்சு, தோல் டாக்டரு மருந்து குடுத்தாரு, கூட ஒரு பாட்டம் திட்டும் குடுத்தாரு. ஆனா அரிப்பு மொத்தமாத் திரும்பி வந்துருச்சு. பள்ளிக்கூடம் தொறக்க பத்தே நாள், வெட்டின துணி வெட்டினபடி கெடக்கு. இவருகிட்ட வந்து கெஞ்சினேன். அதுக்கு என்ன சொல்றாரு தெரியுமா? அஞ்சு பேரை விரட்டினீங்கல்ல, ஒரே ஒருத்தரை உள்ள அனுப்பிட்டு வாங்க, அன்னிக்குப் பாக்குறேன்னாரு. நாலு நாளாச்சு. நான் விரட்டின விரட்டுல ஒரு ஈ காக்கா வரல. நீங்கதான் முதல் ஆளு.

என்ன, எந்திரிச்சுட்டீங்க? உள்ள போற கதவு இந்தப் பக்கம். அது வாசல் தங்கச்சி. அவரு ஊசி வேற, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், நான் பக்கத்துல நின்னு கையப் பிடிச்சுக்கிறேன்... சரி, குத்திக்க வேணாம், சும்மா உள்ள போயி முகத்தையாவது காட்டிட்டு... தங்கச்சி... பாத்துப் போங்க, படி இருக்கு...

டாக்டர். இல்லல்ல, நான் ஒண்ணும் சொல்லல. தண்ணி குடிக்கப் போயிருக்காங்க. வருவாங்க டாக்டர், கண்டிப்பா வருவாங்க. செருப்பு இங்கதானே கெடக்கு.