மணிமுத்துவின் நாடி

இப்போதெல்லாம் யாரும் யாரையும் தொட்டுப் பார்ப்பதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் நர்ஸம்மா திரையைப் பார்த்துக்கொண்டே "எப்படி இருக்கீக தாத்தா" என்கிறாள். நான் எப்படி இருக்கிறேன் என்பது அந்தப் பெட்டிக்குத்தான் தெரியுமாம்.

எழுதிக்கொள்ளுங்கள் அய்யா. பெத்தணன், எம். புதுப்பட்டி. மூன்றாம் வகுப்போடு சரி. நாற்பது வருடம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலந்தேன். வெடி விபத்து நடந்தால் கரிந்தவர்களை வேப்பமரத்தடியில் வரிசையாகக் கிடத்துவார்கள். முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கையோ கழுத்தோ காலோ, தோல் மிச்சமிருக்கும் இடத்தில் விரல் வைத்து நாடி பார்க்கிறவன் நான். "இருக்கு" என்றால் வண்டியில் ஏற்றுவார்கள். "இல்லை" என்றால் துணியால் மூடுவார்கள். ஒரு தடவைகூட நான் தப்பாகச் சொன்னதில்லை.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வெடி விபத்தில், நான் போய்ச் சேருவதற்குள் என் தம்பி மணிமுத்துவை மூடியே விட்டார்கள். நான்தான் துணியை விலக்கினேன். கணுக்காலில் நூல் மாதிரி ஒரு துடிப்பு. பிழைத்து வந்தவன், "என் நாடி எங்கண்ணன் கையில இருக்கு" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

பிறகு அவனுக்கு இதயம் வீங்கித் தளர்ந்துபோனது. மதுரை ஆஸ்பத்திரியில், ரத்தத்தைத் தள்ளிவிட நெஞ்சுக்குள் ஒரு பம்பு வைத்தார்கள். வயிற்றிலிருந்து ஒரு வயர், இடுப்பில் ஒரு பெட்டி, இரண்டு பேட்டரி. "ஆறே மாசம்ணே. இதயம் தேறினதும் கழட்டிருவாக" என்றான். நம்பினேன். மணிக்கட்டைப் பிடித்தேன். ஒன்றுமில்லை. நெஞ்சில் காது வைத்தால் பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிற மாதிரி ஒரு சத்தம்.

"தேடாதீகண்ணே. துடிக்காது, ஒரே சீரா ஓடும். சட்னி வேணும்னா சொல்லுங்க, அரைச்சுத் தாரேன்" என்று சிரித்தான். அவன் பெண்டாட்டி பாண்டிலட்சுமியும் சிரித்தாள். ஆனாலும் தினமும் என்னிடம் கையைக் கொடுத்துவிட்டு உட்காருவான். "இன்னும் கொஞ்ச நாள்தாண்ணே" என்பான்.

ஆறு மாதம் நாலு வருடமானது. போன மாதம் மலம் கறுப்பாகப் போனது. மூக்கிலும் ரத்தம். டாக்டரிடம் நானும் போனேன்.

"துள்ளித் துள்ளி வர்ற ரத்தத்துக்குப் பழகினது நம்ம உடம்பு ரத்தக்குழாய், பெரியவரே. நாலு வருசமா துள்ளாம ஓடுது. பெரிய குழாய் விறைச்சுப்போச்சு. குடல்ல நோஞ்சான் குழாயா முளைச்சு ஒழுகுது."

"அப்ப அதைக் கழட்டுங்க."

"கழட்டினா ஆள் இருக்க மாட்டார். கடைசிவரைக்கும்னு முதல்லயே சொல்லித்தானே வச்சோம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் தம்பியைக் கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "தெரியும்ணே. சொன்னா நீங்க வைக்க விட்டிருக்க மாட்டீக" என்றான்.

கோபத்தில் செய்தேன் என்று எழுத வேண்டாம். எனக்கு ஒரு சங்கதி தெரிய வேண்டியிருந்தது. உள்ளே இருப்பது என் தம்பியா, மிஷினா?

செவ்வாய்க்கிழமை மத்தியானம். பாண்டிலட்சுமி குடத்தோடு தண்ணீர் லாரிக்குப் போயிருந்தாள். பேட்டரி மாற்றுவது என் வேலைதான். ஒன்றைக் கழற்றும்போது மற்றது மாட்டியிருக்க வேண்டும் என்று நர்ஸம்மா பத்துத் தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அதனால் தெரியாமல் செய்தேன் என்றும் எழுதிவிடாதீர்கள். ஒன்றைக் கழற்றினேன். பிறகு மற்றதையும் கழற்றினேன். பெட்டி கத்தியது. அதன்மேல் தலையணையை வைத்து முழங்காலால் அழுத்திக்கொண்டேன்.

"அண்ணே, என்ன செய்யிறீக? மாட்டுங்கண்ணே" என்று எழுந்திருக்கப் பார்த்தான். கையைப் பிடித்துக்கொண்டேன். மணிக்கட்டில் மூன்று விரல்.

வந்தது அய்யா. நூல் மாதிரி. அன்றைக்குக் கணுக்காலில் இருந்த அதே துடிப்பு. "இருக்குலே மணி" என்று அவனிடமே சொன்னேன். அவன் பேட்டரியையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் குடம் விழுந்த சத்தம் கேட்கும்வரை நான் விரலை எடுக்கவில்லை.

கழற்றியது நான். மாட்டாமல் விட்டதும் நான். கைநாட்டு வைக்கிறேன். ஆனால் நாலு வருடம் நாடியில்லாமல் கிடந்தவனை உயிரோடு இருந்தான் என்கிறீர்கள், நாடி வந்த பிறகு செத்தான் என்கிறீர்கள். எனக்கு ஒப்பவில்லை.

பாண்டிலட்சுமி போட்ட சத்தத்தில் தெருவே கூடி, அதற்குள் அவனைத் துணியால் மூடிவிட்டார்கள். கணுக்காலைப் பார்க்கப் போனேன், பாண்டிலட்சுமி விடவில்லை. போங்கள் என்று சொல்லிவிட்டு அங்கிருந்து நடந்தே உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். அத்தனை பேர் நின்றார்கள் அய்யா. ஒருத்தர்கூடக் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை.