வெள்ளரிக்கா எலி

…அட நீங்களே சொல்லுங்க, வெள்ளரிக்கால எலி பண்ணியிருக்கீங்களா? இல்லல்ல? பண்ணாதீங்க. சின்ன சிவப்பு முள்ளங்கியச் சீவி இந்தப் பக்கம் காது வெச்சா, அந்தப் பக்கத்துக் காது விழுது. கண்ணுக்கு உலர்திராட்சை, வாலுக்கு கேரட்டு. இருட்டோட எந்திரிச்சு ஒரு வகுப்புக்கே எலி பண்ணினேங்க. டீச்சருங்களுக்குத் தனி எலி, கொஞ்சம் பெருசா. பொறந்தநாள் புள்ள தட்டத் தூக்கிட்டு எல்லா டீச்சர்கிட்டயும் போவான்ல, கூட ரெண்டு கூட்டாளியோட… உங்க பொண்ணு நீன்காவையுந்தான் கூப்பிட்டிருக்கான் எங்க பையன் வெஸல். தெரியாதா! புதுசா வந்த புள்ள, பாவம்னு கூப்பிட்டிருக்கான். அந்த மனசு எங்க பக்கத்துலேர்ந்து வந்தது. எங்க வீட்டுக்காரர் பக்கம் அப்படியெல்லாம் கெடையாது.

இப்படி வாங்க, உங்க கொடை என் மேல சொட்டுது.

ஆங்… நன்றி, நன்றி. இன்னும் சொல்லலியேன்னுதான் பாத்தேன். இந்த ஊர்ல புள்ளைக்குப் பொறந்தநாள்னா பெத்தவளுக்கும் வாழ்த்து சொல்லணும்ல. தபால்காரரே காலைல சொல்லிட்டார்.

எதுக்கு எலியா? சட்டங்க! பள்ளிக்கூடத்துச் சட்டம். இனிப்பு கூடாது, பொரிச்சது கூடாது, காயோ பழமோதான் குடுக்கணும். போன வருஷத்துலேர்ந்து. யார் போட்டதா…? இந்த வாத்துங்களப் பாருங்களேன், கால்வாயில இருக்கறதெல்லாம் இன்னிக்கு இந்தப் பள்ளிக்கூட வாசல்லயே வந்து கெடக்கு. என்ன கூட்டம்!

பெத்தவங்க கூட்டத்துல முடிவு பண்ணினதுங்க. ஒருத்தர் சொன்னாங்க, மத்தவங்க தலையாட்டினாங்க. யார் சொன்னாங்கறது இப்ப எதுக்கு? …சரி, நாந்தான். ஏன் அப்படிப் பாக்கறீங்க? வெஸலோட படிக்கற ஃபெம்காவோட அம்மா பண்ணின வேலை தெரிஞ்சா நீங்களும் கை தூக்கியிருப்பீங்க. போன வருஷம் எங்க வெஸல் அப்பம் கொண்டுபோன அதே வாரம், அவ பொண்ணு பொறந்தநாளைக்கு ஐஸ்கிரீம் வண்டியையே வரவெச்சா. இதோ, இங்க! மணி அடிச்சுக்கிட்டு! எங்க அப்பத்த ஒரு புள்ளகூட ஞாபகம் வெச்சுக்கல. எனக்கு வயிறு எரிஞ்சுது. கூட்டத்துல எந்திரிச்சு, புள்ளைங்க பல்லு கெட்டுப்போகுதுன்னேன். பல்லுன்னு சொல்லிட்டா யாரும் எதுத்துப் பேச முடியாது பாருங்க.

இப்ப அது என் தலையிலயே வந்து விடிஞ்சிருக்கு. நேத்து வெஸல் கேக்கறான், "ஒரே ஒரு தடவம்மா, ரொட்டிக்கடை சாக்லெட் உருண்ட வாங்கிக் குடும்மா, எலியப் பாத்தா எல்லாரும் சிரிப்பாங்கம்மா"ன்னு. நான் எப்படிங்க குடுக்கறது? சட்டத்தப் போட்டவளே மீறினா, ஃபெம்காவோட அம்மா சும்மா விடுவாளா? முடியாதுன்னுட்டேன். அழுதான். எனக்குக் கேக்கக்கூடாதுன்னு தலகாணிக்குள்ள மூஞ்சிய வெச்சுக்கிட்டு அழுதான். அதாங்க எனக்குத் தாங்கல. உரக்க அழுதிருந்தா திட்டியாவது இருப்பேன். இப்ப அந்தத் தட்டு அப்படியே திரும்பி வருதா, காலியா வருதான்னு பாக்கத்தான் நிக்கறேன்.

எங்க வீட்டுக்காரர் ஹார்மன் இருக்காரே, அவருக்கென்ன! "நீ களைச்சிருக்க, நானே கொண்டுபோயி விடறேன்"ன்னார். கல்யாணம் ஆனதுலேர்ந்து அந்த வாயில வராத வார்த்தை. பெட்டி வெச்ச சைக்கிள்ல புள்ளையையும் எலிங்களையும் ஏத்திக்கிட்டு, ரொட்டிக்கடைப் பக்கமாத் திரும்பினார். அது சுத்து வழிங்க. பாவம், பள்ளிக்கூடத்துக்கு வழிகூடத் தெரியல அந்த மனுஷனுக்கு.

மணி அடிச்சாச்சு. இதோ வந்துருவாங்க… ஏங்க, அந்த வாத்து வாயில என்னது? சிவப்பா… வட்டமா…

காது.

முள்ளங்கிக் காதுங்க அது. அங்க கால்வாயில ஒண்ணு மெதக்குது பாருங்க, வாலோட.

…

நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. நானும் ஒண்ணும் சொல்லல.

வெஸல்! வாடா கண்ணா. பொறந்தநாள் காகிதக் கிரீடத்த எங்கடா கிழிச்சுக்கிட்ட? தட்டு காலியா? முழுசாவா? எலி புடிச்சுதாடா எல்லாருக்கும்? …அப்பாவக் கேக்கணுமா? சரி, சரி. என்னது, ஃபெம்கா ரெண்டாவது எலி கேட்டாளா! கேப்பா, கேப்பா. கையில என்னடா, மூடிக்கிட்டு நிக்கற? …எனக்கா? எனக்குன்னு ஒண்ணு எடுத்து வெச்சியா, தங்கம்…

ஏங்க, வேடிக்க பாக்காதீங்க, நீன்கா வாயத் தொடச்சு விடுங்க. சேறுங்க. நான் சொல்றேன்ல, சேறுதான். சீக்கிரம், ஃபெம்காவோட அம்மா வரா.

குடுடா… ம்ம். …ம்ம்ம்.

நல்ல வெள்ளரிக்கா. என்னங்க சிரிப்பு? காதுதான் கொஞ்சம் உருகிப்போச்சு.