ஏழாம் கூண்டின் குட்டிகள்

— செத்துப் போச்சுன்னு நீங்க நோட்டுல எழுதுன ஏழாம் கூண்டுச் சுண்டெலி, எபனேசர், தீவன மூட்டைக்குப் பின்னாடி ஆறு குட்டியோட இருக்கு!

— ஹவ் டாக்டரம்மா, ஆமா. நான்தான் ஒளிச்சு வெச்சேன். திட்டுங்க.

— பரம்பரையா வலிப்பு வர்ற எலிங்க மூளையில எந்த ரசாயனம் குறையுதுன்னு மூணு வருஷமா அளந்துக்கிட்டிருக்கேன். நீங்க ஒண்ணை மறைச்சா என் அளவெல்லாம் பொய். இத்தனை வருஷமா எலிக்கூண்டு பார்க்கறவர், உங்களுக்குத் தெரியாதா?

— தெரியும்மா. அதோட மூளையை நீங்க எடுத்துட்டா குட்டி எப்படிப் பொறக்கும்? எனக்குக் குட்டிங்க வேண்டியிருந்துச்சு.

— எதுக்கு?

— மணி அடிச்சுப் பார்க்க. அந்தச் சத்தத்துக்குத்தானே உங்க எலிங்களுக்கு இழுக்குது? குட்டிங்களுக்கு மூணு வாரம் ஆனதும் அடிச்சேன். முந்தாநாள்.

— யாரைக் கேட்டு அடிச்சீங்க?

— கோவம் நக்கோம்மா, வேணாம். எம் பொண்ணு மரியபுஷ்பத்துக்கு ஏழு வயசுலேர்ந்து வலிப்பு. போவன்பள்ளியில கட்டிக் குடுத்தோமே, அவங்களுக்குச் சொல்லல. இப்ப மூணு மாசம், நம்ம வீட்டுக்கு வந்திருக்கா. "வயித்துல இருக்கறதுக்கும் வருமாப்பா?"ன்னு என்னைக் கேக்குறா. நான் யார்கிட்டம்மா கேப்பேன்?

— என்கிட்டக் கேட்டிருக்கலாமே!

— கேட்டா மொதல்ல மாப்பிள்ளை வீட்டுல சொல்லுன்னுவீங்க. படிச்சவங்க அப்படித்தான் சொல்லுவீங்க.

— சரி… மணி அடிச்சதும் என்னாச்சு?

— கிறுக்குப் புடிச்சாப்புல ஓடுச்சுங்கம்மா. அப்புறம் ஆறும் விழுந்து வெட்டி வெட்டி இழுத்துச்சு. ஒண்ணுகூடத் தப்பல.

— இப்படி உட்காருங்க எபனேசர். இதுங்களை நாங்க அப்படி ஆக்கி வெச்சிருக்கோம். அண்ணனையும் தங்கச்சியையும் ஒரே கூண்டுல சேர்த்துவிட்டு, வலிப்பு வர்றதை மட்டுமே பொறுக்கி, இருபது தலைமுறையா வளர்த்தது. ஆறும் விழத்தான் செய்யும். மனுஷங்க அப்படி இல்ல.

— அப்ப… எம் பொண்ணோட புள்ளைக்கு?

— வரணும்னு இல்ல. வலிப்பு இருக்கற அம்மாவுக்குப் பொறக்கற குழந்தைங்க பெரும்பாலும் நல்லாத்தான் இருக்காங்க. சாயங்காலம் நானே வந்து அவகிட்டச் சொல்றேன். ஏன் எபனேசர், ஏன் இப்படிப் பார்க்கறீங்க?

— ஆறும் விழுந்துச்சுன்னு முந்தாநாளே அவகிட்டச் சொல்லிட்டேன்மா. நேத்துக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போயி, கலைச்சுட்டு வந்து படுத்திருக்கா.