இரண்டாவது நாற்காலி

– சட்டையைத் தேய்ச்சு வெச்சாச்சு. இன்னும் சுவரைப் பாத்துக்கிட்டே படுத்திருந்தா எப்படிடா? எழுந்திரு.

– தேய்க்கச் சொன்னது யாரு?

– யாரும் சொல்லல. நானாத்தான் தேய்ச்சேன். காலர்கிட்ட ஒரு மடிப்பு, என்ன பண்ணாலும் போகவே மாட்டேங்குது. உன்னை மாதிரியே.

– அக்கா, நேத்தே சொல்லிட்டேன். நான் போகல. அவ்வளவுதான்.

– நேத்து சொன்னது நேத்தோட போச்சு. இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள போய்ச் சேரலேன்னா வேலையை அடுத்தவனுக்குக் குடுத்துடுவாங்க. வந்த கடிதாசியை நீதானே படிச்சுக் காட்டினே?

– குடுக்கட்டும். அடுத்தவனும் என்னை மாதிரி எங்கயாவது படுத்துத்தான் கிடப்பான். பிழைச்சுப் போகட்டும்.

– ஆஹா, துரைக்கு எவ்வளவு தாராளம். ஏன்டா, டவர்ல உக்காந்து பிளேனை இறக்குற வேலைக்கு லைசென்ஸ் வாங்கி ரெண்டு வருஷமாச்சு. எத்தனை ஊருக்கு எழுதிப் போட்டே? எத்தனை வாசல்ல போய் உக்காந்துட்டு வந்தே? ‘அனுபவம் இருக்கான்னு கேக்குறாங்கக்கா, வேலை குடுத்தாத்தானே அனுபவம் வரும்’னு இதே கட்டில்ல உக்காந்து அழுதவன்தானே நீ? வீடு தேடி வந்த சீதேவியை இப்போ காலால எட்டி உதைக்கிறே.

– அந்தச் சீதேவி எந்த ஏர்போர்ட்டுலேருந்து வந்திருக்குன்னு பாத்தியா?

– பாத்தேன். சைக்கிள்ல போற தூரம். மத்தியானம் வீட்டுக்கே வந்து சாப்பிட்டுட்டுப் போகலாம்.

– விளையாடாதக்கா. மாமா செத்த இடம் அது.

– தெரியும்டா. என் புருஷன் எங்க செத்தாருன்னு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?

– கோவப்படாதே.

– கோவம் இல்ல. டீ ஆறுது, அதைக் குடி.

– டவர் மேல ஏறி உக்காந்தா கண்ணாடிக்கு நேர் கீழ ரன்வேக்கா. வேற எங்கயும் பாக்க முடியாது. பாக்குறதுதான் வேலையே. பிளேன் மோதி மாமாவோட ஜீப் கிடந்த இடத்துல இன்னும் தார் கறுப்பு மாறாம திட்டா இருக்குதாம். தினமும் அதைப் பாத்துக்கிட்டே நான் எப்படிக்கா பிளேனுக்கு ‘இறங்கலாம்’னு சொல்றது?

– நான் பாக்கலியா? மாடியில துணி காயப் போடுறப்பல்லாம் அந்த டவரோட தலை தெரியுது. முதல் ரெண்டு மாசம் நான் மாடிக்கே போகல. துணி எல்லாம் வீட்டுக்குள்ளயே காயப் போட்டேன். பாப்பாவோட யூனிஃபார்ம்ல ஈர நாத்தம். ‘உன் பக்கத்துல உக்கார மாட்டேன்’னு ஒரு பொண்ணு சொல்லிடுச்சாம். அழுதுக்கிட்டே வந்தா. மறுநாள் பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போயிட்டேன். அவ்வளவுதான்டா வைராக்கியம் எல்லாம்.

– இதை நீ என்கிட்ட சொன்னதே இல்ல.

– நீதான் சுவரைப் பாத்துக்கிட்டு இருந்தியே. சுவர்கிட்ட என்னத்தைச் சொல்றது?

– மாமா இருந்திருந்தா இந்நேரம் என்னை இழுத்துக் கீழ தள்ளியிருப்பாரு.

– தள்ள மாட்டாரு. கதவுகிட்ட நின்னு ‘டவரு, உள்ள வரலாமா’ன்னு மரியாதையா அனுமதி கேப்பாரு. நீயும் ஏதோ பெரிய இவன் மாதிரி ‘காத்திருக்கவும்’னு சொல்லிட்டு, ஒரு யுகம் கழிச்சு விடுவே. ஒரு நாள் பாத்ரூம் வாசல்ல மனுஷன் துண்டைக் கட்டிக்கிட்டு நின்னாரே, ஞாபகம் இருக்கா?

– ‘டவரு, அவசரத் தரையிறக்கம், இதுக்கு மேல தாங்காது’ன்னாரு.

– நீ உள்ளேருந்து ‘இன்னும் ஒரு சுத்து சுத்திட்டு வாங்க’ங்குறே. மனுஷன் நிஜமாவே வீட்டை ஒரு சுத்து சுத்திட்டு வந்தாருடா! பக்கத்து வீட்டம்மா பாத்துட்டு என்கிட்ட ‘உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா’ன்னு கேட்டாங்க.

– ம்.

– சிரிச்சிட்டே.

– சிரிக்கல.

– சிரிச்சே. முதுகு குலுங்குச்சு. சரி, எழுந்து உக்காந்தியே, அதுவே போதும். இப்போ சொல்லு. தார்த் திட்டு மட்டும்தானா, வேற ஏதாவது இருக்கா? அந்த ஆள் மேல கோவமா?

– எந்த ஆள்?

– அன்னிக்கு டவர்ல இருந்தாரே, அவர்.

– அவன் மேலதான் முதல்ல கோவமா இருந்துச்சு. அவனைக் கண்டா அடிச்சுடுவேன்னு நினைச்சேன். ஜீப் ரன்வேக்குள்ள போச்சுன்னா முன்னாடி இருக்குற பலகையில ஒரு சிவப்புப் பட்டை போடணும்க்கா. கை நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை, அவ்வளவுதான். உள்ள ஆள் இருக்கு, எந்தப் பிளேனையும் இறக்காதேன்னு நம்ம கண்ணுக்கு அது சொல்லும். முதல் நாள் கிளாஸ்லயே எங்களுக்குச் சொன்னாங்க, உன் ஞாபகத்தை நம்பாதே, பட்டையை நம்புன்னு.

– அவர் போடல.

– போட எடுத்தான். மாமா, ரன்வேல கல்லு கிடக்கு, பொறுக்கப் போறேன்னு ரேடியோவுல கேட்டாரு. அவன் போகலாம்னான். பட்டையைக் கையில எடுத்தான். போன் அடிச்சிச்சு. பட்டையைப் பிடிச்சுக்கிட்டே போனை எடுத்துப் பேசினான். பேசி முடிக்கல, இறங்கட்டுமான்னு மேலேருந்து பிளேன் கேக்குது. அவன் பலகையைப் பாத்தான். பலகை காலியா இருக்கு. சரி, இறங்குன்னுட்டான்.

– பட்டை?

– அவன் கையிலயே இருந்துச்சு. விசாரணையில அவனே சொன்னான். எல்லாம் முடிஞ்சு, கீழ இறங்கி ஓடுறப்பவும் கையில இருந்துச்சாம்.

– உன் மாமாவுக்குப் பிளேன் வர்றது கேட்டிருக்காதா?

– வண்டிக்கு ஒரு ரேடியோ, பிளேனுக்கு வேற ரேடியோ. இறங்குன்னு சொன்னது மாமாவுக்குக் கேட்டிருக்காது. எஞ்சினை ஓட விட்டுட்டு, முதுகைக் காட்டிக் குனிஞ்சுக்கிட்டு இருந்திருக்காரு. எதிர்க்காத்து வேற. வேணாம்க்கா, விடு.

– அந்த ஆள் இங்க வந்தாருடா.

– எங்க?

– இங்கதான். வாசல்ல, பைப்புகிட்ட. நீ எங்கயோ இன்டர்வியூவுக்குப் போயிருந்தே. ரொம்ப நேரமா நின்னுக்கிட்டு இருந்திருக்காரு, நான் குப்பை கொட்டப் போறப்போதான் பாத்தேன். தண்ணி குடுத்தேன்.

– தண்ணி குடுத்தியா! அவனுக்கா?

– தொண்டை வறண்டுபோய் ஒரு மனுஷன் வாசல்ல நின்னா என்னடா பண்றது? பாதித் தண்ணியைச் சட்டையிலயே ஊத்திக்கிட்டாரு. ‘ஒரே ஆளா இருந்தேம்மா, ஒரே ஆளா இருந்தேம்மா’ன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாரு. நானும் அழுதேன். அவரும் அழுதாரு. அப்புறம் டம்ளரைக் கழுவிக் குடுத்துட்டுப் போயிட்டாரு.

– அது நிஜம்தான். ஒரே ஆளாத்தான் இருந்தான்.

– அதைத்தான் நானும் சொல்றேன். அவரைத் திட்டி என்ன ஆகப்போகுது?

– அவனை இப்போ திட்டல. அவனை விட்டுட்டேன். அந்த ஆபீசைத்தான் விட மாட்டேன். அங்க ரெண்டு நாற்காலிக்கா. ஒருத்தன் வானத்தைப் பாக்கணும், இன்னொருத்தன் தரையைப் பாக்கணும். ஜீப்பு, போனு, சிவப்புப் பட்டை எல்லாம் தரையைப் பாக்குறவன் வேலை. அந்த ரெண்டாவது நாற்காலி அப்போ ஏழு மாசமா காலி. ஏன் காலின்னு விசாரணையில கேட்டாங்க. பெரிய ஆபீசர் எழுந்து நின்னு என்ன சொன்னாரு தெரியுமா? ‘ஆள் கிடைக்கல’ன்னாரு.

– ம்.

– ஆள் கிடைக்கலையாம்க்கா! நான் எங்க இருந்தேன்? இதே கட்டில்ல, லைசென்ஸைத் தலையணைக்குக் கீழ வெச்சுக்கிட்டு, ஃபேனைப் பாத்து ‘இறங்கலாம், ஏறலாம்’னு உளறிக்கிட்டுக் கிடந்தேன். முதல் விண்ணப்பமே அவங்களுக்குத்தான் போட்டேன். நம்ம ஊராச்சே, மாமா வேலை செய்யுற இடமாச்சேன்னு. ஒரு வரி பதில் உண்டா?

– டேய், மெதுவாப் பேசு.

– அன்னிக்கு மத்தியானம் நான் தூங்கிக்கிட்டு இருந்தேன்க்கா. சைரன் சத்தம் கேட்டு முழிச்சேன். ஏதோ ஒத்திகைன்னு நினைச்சுத் திரும்பிப் படுத்துக்கிட்டேன். திரும்பிப் படுத்தேன்க்கா! அந்த நாற்காலியில நான் இருந்திருந்தா போனை நான் எடுத்திருப்பேன். பட்டையை நான் போட்டிருப்பேன். சாயங்காலம் மாமா வீட்டுக்கு வந்திருப்பாரு.

– அழாதடா. இங்க பாரு. என்னைப் பாரு.

– கூப்பிட வேண்டிய நேரத்துல என்னைக் கூப்பிடாம மாமாவைக் கொன்னாங்க. இப்போ அவர் போன அப்புறம், பழைய விண்ணப்பத்தைத் தூசி தட்டி எடுத்து, ‘உடனே வந்து சேரவும்’ங்குறாங்க. அவங்க சோறு என் தொண்டையில இறங்குமா?

– சரி, அவங்களுக்காகப் போக வேணாம். உன் மாமா இடத்துல இப்போ வேற ஒருத்தர் ஜீப் ஓட்டுறாரு, தெரியுமா? அவர் பொண்டாட்டி மார்க்கெட்ல என்னைப் பாத்துக் கையைப் பிடிச்சுக்கிட்டா. மாசமா இருக்கா. ‘மேல இன்னும் ஒரே ஆள்தான் இருக்காங்களாம்க்கா, எங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போனா திரும்பி வர்ற வரைக்கும் வாசல்லயே நிக்கிறேன்’ங்குறா. அவளுக்கு நான் என்ன பதில் சொல்றது? பட்டை போடத் தெரிஞ்ச ஒருத்தன் எங்க வீட்டுல இருக்கான், ஆனா ரோஷத்துல படுத்திருக்கான்னு சொல்லவா?

– ரோஷம் இல்லக்கா.

– பின்ன என்ன?

– சரி. நான் போறேன். ஆனா ஒண்ணு. போறதுக்கு முன்னாடி பெரிய ஆபீசர்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும். போன வருஷம் என்னை ஏன் கூப்பிடலேன்னு. காரணத்தை அவர் வாயால சொல்லட்டும். அது சரியான காரணமா இருந்தா இன்னிக்கே சேந்துடுறேன். போனை எடு.

– கேள்வியெல்லாம் எதுக்குடா? கிளம்பு. குளிச்சிட்டுக் கிளம்பு.

– போனை எடுன்னா. சரி, நானே எடுக்குறேன்.

– வேலையில சேரப்போற நாளும் அதுவுமா மேலதிகாரியைப் போய்க் கேள்வி கேப்பாங்களா? உருப்பட்ட மாதிரிதான்.

– அவர் என்ன, கடவுளா? இரு, மணி அடிக்குது.

– வேணாம்டா.

– எடுக்க மாட்டேங்குறாங்க. எடுப்பாங்க, இரு.

– கீழ வை.

– ஏன்க்கா?

– வைன்னு சொல்றேன்ல! குடு இங்க.

– என்ன ஆச்சு உனக்கு? ஏன் போனைப் பிடுங்குறே?

– அதை நீ அவங்க வாயால கேக்க வேணாம். என் வாயாலயே கேட்டுடு. சொல்லக் கூடாதுன்னுதான் இத்தனை நாளா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். நீ இப்படிப் பிடிவாதம் பிடிப்பேன்னு எனக்கு என்ன தெரியும்?

– என்னது?

– கேட்டுட்டு அவரைத் திட்டக் கூடாது. அதை மட்டும் என்னால தாங்க முடியாதுடா. சத்தியமா முடியாது.

– யாரைத் திட்டக் கூடாது? பெரிய ஆபீசரையா?

– அவங்க கூப்பிட்டாங்கடா.

– யாரை?

– உன்னைத்தான். அந்த நாற்காலி காலியான வாரமே.

– பொய். எனக்கு ஒரு போன் வரல, ஒரு கடிதாசி வரல.

– உனக்கு வரல. ரன்வேலேருந்து திரும்பி வந்த உன் மாமாவை நிறுத்தி, ‘உன் மச்சான் விண்ணப்பம் வந்திருக்கு, நாளைக்கே வரச் சொல்லு, சேத்துக்கிறேன்’னு பெரிய ஆபீசர் சொல்லியிருக்காரு. இவர் அங்கயே பதில் சொல்லிட்டு வந்துட்டாரு. வீட்டுக்கு வந்து என்கிட்ட அதைச் சொல்றப்போ முகத்துல அவ்வளவு சந்தோஷம். எனக்கும் பெருமையாத்தான்டா இருந்துச்சு.

– மாமா என்ன பதில் சொன்னாரு?

– ‘என் மச்சான் பெரிய ஊர் டவர்ல உக்கார வேண்டியவன் சார், இந்த நாற்காலிக்கு நீங்க வேற ஆளைப் பாத்துக்குங்க’ன்னு சொன்னாராம்டா.