பறக்கிறவனின் கடைசிப் பக்கம்

மல்லேஸ்வரம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்: "பறக்கிறவனுக்கே சாவு வந்துடுச்சுக்கா."

"யாருக்குடி?"

"எங்க வீட்டுக்காரர் சின்ன வயசுலேருந்து படிக்கிற காமிக்ஸ் ஹீரோக்கா. புது புக்ல அவனுக்குத் தீராத வியாதி. இவருக்குத்தான் இப்ப கண்ணு தெரியலையே, படுத்தபடியே என்னைப் படிக்கச் சொன்னாரு. பொழச்சுப் பறந்துட்டான்னு மாத்திச் சொன்னேன்."

"நம்பினாரா?"

"சிரிச்சாரு. 'செத்துட்டான்னு தெரியுது. கடைசியில பக்கத்துல யாரு இருந்தாங்க, அதச் சொல்லு'ன்னாரு. பொண்டாட்டி அவன் கையப் புடிச்சுட்டிருந்தான்னேன். என் கையப் புடிச்சுக்கிட்டே தூங்கிட்டாரு."

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"புக்ல யாரு இருந்தாங்க?"

"யாருமே இல்லக்கா."