காஸ் மூடின கொட்லீப்

வாங்கோ, சாவி என்னட்டத்தான் கிடக்கு. ஆனா திறக்க முதல் ஒரு கதை இருக்கு, அதைக் கேட்டாத்தான் உள்ளுக்கு விடுவன். மகளின்ர அரங்கேற்றம் பின்னேரம்தானே, இப்ப ஏன் பறக்கிறியள்? ஜெர்மனிக்கு வந்து பத்தொன்பது வருசமா இந்த நாடகத் தியேட்டரைக் கூட்டித் துடைக்கிறன், ஒருத்தரையும் லேசில நம்பிறவன் இல்லை. இந்தக் கதையைச் சொன்னது இப்ப இஞ்ச மேடையில கயிறு இழுக்கிற ஜெர்மன்காரர். நம்பிறதும் விடுறதும் உங்கட பாடு.

முந்தி முந்தி, உங்கட பூட்டனுக்கும் பூட்டன் காலத்தில, இதே ஆத்தங்கரையில, இதே இடத்தில ஒரு தியேட்டர் நிண்டதாம். உள்ளுக்கு முழுக்க மரம். மரத்துக்கு மேல துணி. துணிக்குப் பக்கத்தில காஸ் விளக்கு. யோசிச்சுப் பாருங்கோ! அந்த விளக்குகளைக் கூட்டிக் குறைக்க ஒரு ஆள் இருந்தவர், பேர் கொட்லீப். மேடைக்குப் பக்கத்து மூலையில, காஸ் குழாயின்ர பெரிய திருகைப் பிடிச்சபடி இருப்பாராம். கண் பாதி மூடியிருக்குமாம், காது மட்டும் முழிச்சிருக்குமாம். ஏனெண்டா விளக்கு அணைஞ்சோ குழாய் வெடிச்சோ காஸ் கசிஞ்சா, மெல்லிசா விசில் சத்தம் வரும். கேட்ட உடனே திருகை மூடோணும். மூடாட்டி மண்டபம் சாம்பல்.

அந்தாள் வேற ஊரில இருந்து வந்தவர். கையில நெருப்புச் சுட்ட தழும்பு. ஒருத்தரோடயும் பேச்சு இல்லை. பிறகென்ன, ஊர் சும்மா விடுமே? "இவன் எங்கயோ ஒண்டைக் கொளுத்திப்போட்டுத்தான் இஞ்ச வந்திருக்கிறான்" எண்டு கதைச்சவையாம்.

ஒரு நாள் நாடகம் நடக்கேக்க கொட்லீப்புக்கு விசில் கேட்டுது. டக்கெண்டு மூடினார். மண்டபம் கும்மிருட்டு. தேடினா ஒரு கசிவும் இல்லை. அடுத்த மாசம் திரும்பவும் விசில், திரும்பவும் இருட்டு, திரும்பவும் ஒண்டுமில்லை. அந்த இருட்டுக்க ஒரு சீமாட்டியின்ர கழுத்துச் சங்கிலியும் காணாமப் போட்டுது. ஐயோ, பிறகு கேக்கோணுமே! "கள்ளனுக்கு இவன் கூட்டு. அவன் அறுக்க, இவன் இருட்டாக்கிறான்" எண்டு சனம் சொல்லிச்சுதாம். அந்தச் சங்கிலி இண்டுவரை கிடைக்கேல்லை. எனக்கெண்டா மனேஜரிலதான் சந்தேகம்.

அந்த மனேஜர் கொட்லீப்பைக் கூப்பிட்டு, "இன்னொருக்கா மூடினியெண்டா நேர ஜெயில்தான்" எண்டாராம்.

"விசில் கேட்டா?"

"கேட்டாலும்!"

உண்மை என்ன தெரியுமே? மேடையில கயிறு இழுத்து, காட்சிக்குக் காட்சி படச்சீலை இறக்கிற ஹின்றிக், முந்திக் கப்பலில வேலை செய்தவன். சீலையை இறக்கச் சொல்லி, மேடைக்கு மேல நிக்கிற கூட்டாளிக்கு வழக்கமாக் கையைத்தான் காட்டுவான். அவன் பாக்காட்டி, கப்பல்காரற்ற பழைய பழக்கத்தில ஒரு விசில். ரெண்டு தரமும் அவன் அடிச்ச விசில்தானாம். வேலை போயிடும் எண்ட பயத்தில வாயே திறக்கேல்லை, பாவி.

மூண்டாம் தரம், ஒரு ஞாயிறு பின்னேரம். அறுநூறு சனம். திரும்பவும் விசில். கொட்லீப் திருகில கையை வைச்சாராம். மூடினா ஜெயில். மூடாம விட்டு, உண்மையாவே காஸா இருந்தா? பொறுத்தார். பொறுத்தார். பேந்து மூடினார்.

சனம் கொதிச்சுது. "கள்ளன்! கள்ளன்!" எண்டு பிடரியில பிடிச்சுத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போகினம், வேடிக்கை பாக்க அறுநூறு பேரும் நடிகர்மாரும் பின்னால. விளக்கைக் கொளுத்திப்போட்டு எல்லாரையும் திருப்பிக் கூப்பிடுவம் எண்டு மனேஜர் தானே திருகைத் திறந்து, நெருப்புக்குச்சியைக் கிழிச்சாராம். டமார்! மீசை கருகிப் பின்கதவால ஓடினார் மனுசன். தியேட்டரில சுவர் மட்டும்தான் மிச்சம். ஆனா ஒரு உயிர் போகேல்லை.

சனம் கொட்லீப்பின்ர காலில விழுந்திருக்கோணும், என்ன? இல்லை! "பாத்தியளே, கொளுத்திப்போட்டான்!" எண்டு மனேஜர் கத்த, ஊரும் சேந்து கத்திச்சுதாம். மூண்டு மாசம் கொட்லீப் ஜெயிலுக்க கிடந்தார்.

கடைசியில ஹின்றிக்குக்குச் சோறு தண்ணி இறங்கேல்லை. நீதவானிட்டப் போய் அழுதானாம்: "ஐயா, முதல் ரெண்டும் நான் அடிச்சது. மூண்டாவது நானில்லை. அண்டு காலமைதான் பல்லுப் பிடுங்கினது, வாய் நிறையத் துணி. எப்பிடி அடிக்கிறது?" பல்லுப் பிடுங்கினவனும் வந்து ஓமெண்டானாம். அப்ப மூண்டாவது என்ன? காஸ்தானே!

ஊர்ப் பெரியவை ஜெயில் வாசலில நிண்டு, "புதுசாக் கட்டிறம், திரும்பி வாங்கோ" எண்டு கெஞ்சினவையாம். கொட்லீப் சொன்னாராம்: "எத்தினையோ வருசத்துக்குப் பிறகு இந்த ஜெயிலுக்கதான் நான் விசிலுக்குக் காது குடுக்காம நிம்மதியா நித்திரை கொண்டது. நான் வரமாட்டன். ஆனா புதுசா வாற ஆளுக்காக, உள்ளுக்கு ஒருத்தரும் விசிலடியாதேங்கோ. கேக்கிற விசில் காஸ்தான் எண்டு அவனாவது நம்பி மூடட்டும்." அதோட போனவர்தான். எங்க போனார் எண்டு ஆருக்கும் தெரியாது.

அவை திரும்பக் கட்டினதுதான் இந்தக் கட்டடம், அண்டையில இருந்து இதுக்க விசில் இல்லை. அவரைக் கள்ளன் எண்டு கத்தின சனம்தான் முதல் முதலா வாயைப் பொத்திக்கொண்டு வந்து இருந்ததாம். இப்ப காஸ் இல்லை, எல்லாம் கரண்ட். எண்டாலும் எவ்வளவு பெரிய நடிகன் விசிலடிச்சாலும் வெளியில போய்ப் படியில நிக்கோணும், கூப்பிட்டாத்தான் உள்ளுக்கு வரலாம்.

பின்னேரம் பிள்ளை ஆடேக்க மாமன்மார் சந்தோசத்தில ரெண்டு விரலை வாயில வைப்பினம், எனக்கு எங்கட ஆக்களைத் தெரியும். கையைத் தட்டச் சொல்லுங்கோ. விசில் கேட்டா ஆர் எவர் எண்டு பாக்கமாட்டன், கரண்டை நிப்பாட்டிப்போடுவன்.